செருமல்

பீல் நகரில், கடிகாரம் செய்வதை நிறுத்திவிட்ட
தொழிற்சாலை ஒன்றின் இரண்டாம் மாடி.
இருபத்தேழு கதிரைகள். பத்தொன்பது பேர்.
மேடையில் ஒரு கதவு மட்டும், சுவர் இல்லை.
பழைய சாமான் கடையில் நாற்பது பிராங்குக்கு வாங்கி,
பஸ்ஸில் ஏற்ற விடாததால்
நானும் சுகந்தினியும் ஆளுக்கொரு முனையில்
தூக்கிக்கொண்டு நடந்த கதவு.

அதன் பின்னால் நின்று
ஒருமுறை செருமுகிறேன்.
அவ்வளவுதான் முதல் காட்சி.

ஒத்திகையில் ஒளி பிடிக்கும் பேயாட் கேட்டான்:
"தடிமனா? தேத்தண்ணி வேணுமா?"
அவனுக்கு எப்படிச் சொல்ல,
இது சளி இல்லை, சட்டம் என்று.
படலையில் அப்பா செருமினால்
அம்மாவின் சிரிப்பு பாதியில் முறியும்,
அக்கா நீட்டிய கால்களை மடிப்பாள்,
ரேடியோ தன்பாட்டில் வாயை மூடும்.
அப்பா யாரையும் அடித்ததில்லை.
அடிக்கத் தேவை இருக்கவில்லை.

ஆனால் நான் எழுதத் தொடங்கியது அப்பாவால் அல்ல.
போன வருடம் தை மாதம்,
முதியோர் இல்லத்துச் சமையலறையில்
இரவுச் சட்டிகளைக் கழுவி முடித்து வந்து,
மூன்றாம் மாடி, வலப்பக்கத்து வீடு,
திறப்பைத் துளைக்குள் விடுமுன்
என் தொண்டை தானாகச் செருமியது.
உள்ளே நிலானி கேட்டுக்கொண்டிருந்த பாட்டு
நின்றது.

அவளுக்குப் பதின்நான்கு வயது.
அந்தப் படலையை அவள் கண்டதே இல்லை.

நேற்று முதல் ஆட்டம்.
நிலானி வரவில்லை. "வெட்கமா இருக்கு, பப்பா."
அறைக்குள் இருந்தபடி ஒத்திகை முழுவதும் கேட்டவள்தான்.

செருமினேன்.
முன்வரிசைச் சுவிஸ்காரர் தலை சாய்த்துக் காத்திருந்தார்கள்.
சுவரில்லாத கதவு, எனக்கு எல்லாம் தெரிந்தது:
மூன்றாம் வரிசையில் கலாமதி அக்கா,
இருபத்தொரு வருடமாகத் தபால் மூட்டைகளைத்
தனியே தூக்கி எறிகிறவர்,
சட்டென நிமிர்ந்தார். கழுத்துத் துண்டை இழுத்துவிட்டார்.
பக்கத்தில் இன்னும் இருவர்.
பிறகு மூவரும் தங்கள் கைகளையே பார்த்தார்கள்,
கேளாமல் யாரோ இரவல் வாங்கியதுபோல.

தவபாலன் எழும்பினார்.
"அப்பரை டிக்கெட் போட்டு விக்கிறான்."
படியிறங்கிப் போகும்போது
அவரும் செருமினார்.
சபை வெடித்துச் சிரித்தது.
நான் எழுதாத வசனம் அது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மீதிக் கதை பங்கருக்குள்.
தலைக்கு மேல் சப்பாத்துகள் நடந்த இரவு,
அப்பா சாரத்தின் நுனியை வாய்க்குள் திணித்துச்
செருமலை விழுங்கினார்.
கண் பிதுங்கி, மூக்கு ஒழுகி.
அம்மா அவர் முதுகைத் தடவிக் காதுக்குள் சொன்னாள்:
"மெல்ல. இப்ப மூச்சை விடுங்கோ. இப்ப நிப்பாட்டுங்கோ."
அவர் சொன்னபடி செய்தார்.
நாலு மணித்தியாலம்
எங்கள் நடுவில் ஆண் இல்லை. ஓர் ஆள் இருந்தார்.
பயந்த ஆள். அவரை எனக்குப் பிடித்திருந்தது.
விடிந்து மேலே ஏறியதும்
முதல் வேலையாகச்
செருமினார்.

அந்த இடத்தில் என் குரல் உடைகிறது.
ஒவ்வொரு முறையும் வெவ்வேறு சொல்லில்.
திருத்தாமல் விட்டிருக்கிறேன்.

கதவை அங்கேயே சாத்தி வைத்துவிட்டு
ஷூஸ் ஆற்றங்கரையால் நடந்தேன். சுகந்தினிக்கு இரவு வேலை.
ஈரப்பனி. காலுறைக்குள் தண்ணீர்.
இப்போது உண்மையாகவே தடிமன்.
மூன்றாம் மாடி. கையில் திறப்பு.
தொண்டைக்குள் ஊர்ந்தது. அடக்கினேன்,
உதட்டைக் கடித்து அடக்கினேன்,
முடியவில்லை.

உள்ளே பாட்டு தாழ்ந்தது.
ஒரு விநாடி. இரண்டு.
பிறகு முன்னைவிடச் சத்தமாக எழுந்தது.
எனக்குத் துளியும் பிடிக்காத பாட்டு,
தகரத்தில் கல்லெறிவதுபோல.

மிதியடியில் நின்று
முடியும் வரை கேட்டேன்.